மேலே 93, கீழே பூஜ்யம்

நம் அலுவலகங்களில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. நாற்காலி உயர உயர ரிப்போர்ட் மெலியும். வெயிலில் நிற்கும் ஜூனியர் இன்ஜினியரின் கையில் 400 வரிகள் இருக்கும். அது எக்ஸிகியூடிவ் இன்ஜினியரிடம் போகும்போது 40 ஆகும். தலைமைப் பொறியாளரிடம் 4. அமைச்சரின் மேஜைக்கு வந்து சேர்வது ஒரே ஓர் எண்தான்: இத்தனை சதவீதம் முடிந்தது. அமைச்சர் அதை மைக்கில் சொல்வார். மறுநாள் பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் அதை நாலு பத்தித் தலைப்பாக்குவோம்.

மெலிவதில் தவறில்லை. 400 வரிகளைப் படிக்க அமைச்சருக்கு நேரமில்லை. படிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் மெலியும்போது உதிர்வது கொழுப்பா, எலும்பா? அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

ஹைதராபாத்தில் அமீர்பேட்டையைத் தெரியாத கம்ப்யூட்டர் பட்டதாரி தென்னிந்தியாவில் குறைவு. ஒவ்வொரு மாடியிலும் ஒரு பயிற்சி நிலையம், ஒவ்வொரு சுவரிலும் பத்துப் பன்னிரண்டு விளம்பரப் பலகைகள். ஜாவா, ஆரக்கிள் இவற்றோடு மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட், ப்ரைமவேரா போன்ற திட்ட நிர்வாக சாஃப்ட்வேர்களையும் கற்றுத் தருகிறார்கள். அதே அமீர்பேட்டையின் தலைக்கு மேல் ஹைதராபாத் மெட்ரோவின் இரண்டு வழித்தடங்கள் குறுக்கே சந்தித்துக்கொள்கின்றன. கீழே திட்டத்தை வரைந்து காட்டும் பாடம். மேலே வரைந்து முடித்த திட்டம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

அந்த வகுப்புகளில் முதல் வாரமே சொல்லித் தரும் பாடம், ஒரு பெரிய வேலையை உடைப்பது. 'மெட்ரோ கட்டு' என்று யாரிடமும் சொல்ல முடியாது. அதை வழித்தடங்களாக, வழித்தடத்தை நிலையங்களாக, நிலையத்தைத் தூண், தளம், கூரை, படிக்கட்டு, லிஃப்ட் என்று உடைக்க வேண்டும். ஒரே மேஸ்திரியிடம் 'இதை இந்தத் தேதிக்குள் முடி' என்று சொல்லக்கூடிய அளவுக்கு வேலை சிறிதாகும்வரை உடைக்க வேண்டும். மேலே இருப்பது தாய்ப்பணி, கீழே இருப்பவை கிளைப்பணிகள். கிளைகள் எல்லாம் சேர்ந்தால் தாய் வர வேண்டும்; கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இந்த வித்தைக்கு அமெரிக்காவில் பெயர் வைத்தார்கள். 1950களின் கடைசியில் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக அந்நாட்டுக் கடற்படை 'பெர்ட்' என்ற திட்டமிடும் முறையை உருவாக்கியது. அதையொட்டி 1962-இல் பாதுகாப்புத் துறையும் நாசாவும் வேலைகளை மரம்போலக் கிளை பிரிக்கும் முறையை வகுத்தன. 1968-இல் அது ராணுவத்தின் தரவிதியாகவே ஆயிற்று. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் 1984-இல் டாஸ் கம்ப்யூட்டர்களுக்காக வந்தபின் ராணுவத்தின் மரம் எல்லா ஆபீஸ்களிலும் முளைத்தது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. திருக்குறளைப் பாருங்கள். 3 பால், 133 அதிகாரம், 1330 குறள். பாலுக்கும் அதிகாரத்துக்கும் நடுவே இயல் என்று ஒரு தட்டு. தொல்காப்பியத்தில் 3 அதிகாரம், அதிகாரத்துக்கு 9 இயலாக 27 இயல்கள். ஒரு குறளைத் தனியே எடுத்துச் சொன்னால்கூட, அது எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று கேட்பது நம் வழக்கம். பொருட்பாலில் ஒரு பொருளும் காமத்துப்பாலில் வேறு பொருளும் தரக்கூடிய சொற்கள் உண்டல்லவா? இடம் தெரியாமல் பொருள் தெரியாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குறட்பாக்களின் எண்ணிக்கையில் உரையாசிரியர்களுக்குள் சண்டை இல்லை. இயல்களைப் பிரிப்பதில்தான் ஒருவருக்கொருவர் வேறுபடுகிறார்கள். அதாவது இலைகள் ஒன்றே. கிளைகளை எப்படிப் பிரிப்பது என்பது பிரிப்பவரின் முடிவு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

'ஹையரார்க்கி' என்ற சொல்லை மொழிபெயர்க்கும்போது பெரும்பாலும் 'படிநிலை' என்கிறோம். சில அரசாங்கக் காகிதங்களில் 'அதிகார அடுக்கு' என்றும் வரும். கிரேக்க மூலத்தில் அது புனிதமான ஆட்சி என்று பொருள்படுவது. ஆதியில் தேவதூதர்களையும் குருமார்களையும் வரிசைப்படுத்த உதவிய சொல். அதனாலோ என்னவோ, அந்தச் சொல் போகுமிடமெல்லாம் உயர்வு தாழ்வு கூடவே போகிறது. நம் ஊரில் கேட்கவே வேண்டாம். படி என்றாலே மேல்படி, கீழ்ப்படி என்று மனசு ஓடும். வேலை மரத்தில் மேலே இருப்பது பெரியதும் அல்ல, கீழே இருப்பது சின்னதும் அல்ல. மேலே இருப்பது வெறும் கூட்டுத்தொகை. யாரும் 'நிலையம்' என்ற தாய்ப்பணியைச் செய்வதில்லை. தூணைத்தான் எழுப்புகிறார்கள், படிக்கட்டைத்தான் கட்டுகிறார்கள். உண்மையான வேலை முழுவதும் கடைசித் தட்டில்தான் நடக்கிறது. ஆனால் ரிப்போர்ட்டில் முதலில் வெட்டப்படுவதும் அந்தத் தட்டுதான்.

வெட்டுவதில் இரண்டு வகை. முதல் வகை, மரத்தைப் பட்டியலாக்குவது. தாமதமான வேலைகளை மட்டும் எடுத்துக் கொடு என்று கம்ப்யூட்டரைக் கேட்கிறார் அதிகாரி. அதுவும் அடக்கமாக எடுத்துக் கொடுக்கிறது: 'லிஃப்ட் பொருத்துதல்', 'லிஃப்ட் பொருத்துதல்', 'படிக்கட்டு', 'லிஃப்ட் பொருத்துதல்'. எந்த நிலையத்து லிஃப்ட்? தாய்ப்பணி தாமதமாகாததால் அதன் பெயர் வடிகட்டலில் போய்விட்டது. பெற்றோர் பெயர் இல்லாத பிள்ளைகள் வரிசையில் நிற்கின்றன. ஏழு லிஃப்டும் ஒரே நிலையத்திலா, ஏழு நிலையங்களில் ஒவ்வொன்றா? முதலாவது என்றால் அந்த ஒரு நிலையத்தில் ஏதோ கோளாறு. இரண்டாவது என்றால் லிஃப்ட் சப்ளை செய்பவரிடம் கோளாறு. நோய் வேறு, மருந்தும் வேறு. பட்டியல் இரண்டையும் ஒன்றாகவே காட்டும்.

சாஃப்ட்வேரை முழுக்கக் குறை சொல்ல முடியாது. வரிசை மாற்றும்போது கிளை அமைப்பைக் கலைக்காதே என்று சொல்ல ஒரு கட்டம் இருக்கிறது. வடிகட்டும்போது சம்பந்தப்பட்ட தாய்ப்பணிகளையும் சேர்த்துக் காட்டு என்று சொல்ல இன்னொரு கட்டம். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டின் 2013 பதிப்பிலிருந்து ரிப்போர்ட் அட்டவணையிலேயே 'ஷோ ஹையரார்க்கி' என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதில் ஒரு டிக் அடித்தால் போதும். ஒன்றுமே வேண்டாம் என்றால் ஒவ்வொரு வேலைக்கும் உள்ள 3.2.5 போன்ற கிளை எண்ணையாவது ஒரு பத்தியில் அச்சடிக்கலாம். குறளுக்கு அதிகார எண் போட்டதுபோல.

இரண்டாவது வகை இதற்கு நேர் எதிர். மரத்தைக் காட்டுவார்கள், ஆனால் மேல் இரண்டு தட்டுகளோடு நிறுத்திவிடுவார்கள். இதில்தான் அந்தச் சதவீதம் வருகிறது.

உதாரணமாக ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். தூண்கள் 40 நாள், தளம் 30 நாள், கூரை 20 நாள், தெருவிலிருந்து ஏறும் படிக்கட்டு 10 நாள். முதல் மூன்றும் முடிந்துவிட்டன. படிக்கட்டு இறங்கவேண்டிய இடம் இன்னும் கைக்கு வரவில்லை. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் தாய்ப்பணியின் சதவீதத்தை நாட்களின் எடையை வைத்துக் கணக்கிடுகிறது. 100 நாளில் 90 நாள் வேலை ஆயிற்று. ஆகவே நிலையம் 90 சதவீதம் முடிந்தது என்று எழுதும். கணக்கில் பிழை இல்லை. ஆனால் ரயிலேற வருகிற பயணிக்கு அந்த நிலையம் பூஜ்யம். அண்ணாந்து பார்க்கலாம், ஏற முடியாது.

செலவை எடையாக வைத்தால் எண் மாறும், ஆள்பலத்தை வைத்தால் இன்னும் மாறும். எந்த எடை என்று சொல்லாத சதவீதம், எந்த அளவை என்று சொல்லாத படி அரிசி மாதிரி.

இனி நிஜமான கணக்குக்கு வருவோம். ஹைதராபாத் மெட்ரோவுக்காக லார்சன் அண்ட் டூப்ரோவுடன் அன்றைய ஆந்திர அரசு 2010 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டது. மியாப்பூர்-நாகோல் இடையே முதல் 30 கி.மீ.யை 2017 நவம்பர் 28 அன்று பிரதமர் மோடி திறந்துவைத்தார். 2018 செப்டம்பரில் எல்.பி. நகர், 2019-இல் ஹைடெக் சிட்டி, பிறகு ராயதுர்கம் என்று வளர்ந்து, 2020 பிப்ரவரி 7-இல் ஜூபிலி பஸ் நிலையத்திலிருந்து மகாத்மா காந்தி பஸ் நிலையம் வரையிலான 11 கி.மீ. திறந்ததும் மொத்தம் 69 கி.மீ. ஆயிற்று. திட்டத்தில் இருந்து கட்டப்படாமல் நின்றது ஒரே ஒரு துண்டு: மகாத்மா காந்தி பஸ் நிலையத்திலிருந்து ஃபலக்னுமா வரை சுமார் 5.5 கி.மீ. அதாவது பழைய நகரம். சாலார் ஜங் மியூசியம், சார்மினார், ஷாலிபண்டா வழியாகப் போகவேண்டிய பாதை.

இப்போது 2020 பிப்ரவரி நிலவரத்தை மரமாக வரைந்து, தட்டுத் தட்டாகப் பாருங்கள். அளப்பவரைப் பொறுத்து நீளம் கொஞ்சம் கூடலாம், குறையலாம், சாரம் மாறாது.

முதல் தட்டு, மெட்ரோ முழுவதும்: 74.5 கி.மீ.யில் 69 முடிந்தது. சுமார் 93 சதவீதம். கைதட்டலாம்.

இரண்டாவது தட்டு, வழித்தடங்கள்: மியாப்பூர்-எல்.பி. நகர் 100 சதவீதம். நாகோல்-ராயதுர்கம் 100 சதவீதம். ஜூபிலி பஸ் நிலையம்-ஃபலக்னுமா 16.5 கி.மீ.யில் 11. மூன்றில் இரண்டு பங்கு. கைதட்டல் கொஞ்சம் குறைகிறது.

மூன்றாவது தட்டு, பழைய நகரத் துண்டு: பூஜ்யம்.

மூன்று எண்களும் உண்மை. ஒன்றைச் சொல்பவர் மற்றதை மறுப்பதில்லை. ஆனால் சார்மினார் பக்கத்தில் வளையல் கடை வைத்திருப்பவருக்கு 93 என்ற எண்ணால் என்ன பிரயோஜனம்? அவருடைய மெட்ரோ மூன்றாவது தட்டில் இருக்கிறது. அந்தத் துண்டு தாமதமானதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. குறுகலான தெருக்கள், நூற்றுக்கணக்கான கட்டடங்கள், பாதையோரம் மசூதிகள், கோயில்கள், அஷுர்கானாக்கள், பாதை மாற்றச் சொல்லும் கோரிக்கைகள், அரசியல். 2024 மார்ச்சில் முதல்வர் ரேவந்த் ரெட்டி அந்தப் பாதைக்கு அடிக்கல் நாட்டினார். 2025 ஜனவரியில் இடம் கொடுப்பவர்களுக்கு இழப்பீட்டுக் காசோலைகள் தரத் தொடங்கினார்கள். காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், அது எந்தக் கிளையில் இருக்கிறது என்று மேலே தெரிந்தால்தானே மேலே இருப்பவர் கை நீட்ட முடியும்?

ஞாபகத்தில் வைக்கச் சொன்ன விஷயம் இங்கேதான் வருகிறது. இதே மெட்ரோவை வழித்தடமாகப் பிரிக்காமல் தொழிலாகப் பிரித்திருந்தால்? கட்டுமானம் 93 சதவீதம், தண்டவாளம் 93, மின்சாரம் 93, சிக்னல் 93. எல்லாக் கிளையும் ஒரே பச்சை. பூஜ்யம் எங்குமே தென்படாது. பழைய நகரம் நாலு கிளைகளிலும் ஏழு ஏழு சதவீதமாகக் கரைந்து போயிருக்கும். இன்ஜினியர்களுக்கு அந்தப் பிரிவினை வசதியானது; ஒவ்வொரு துறைக்கும் ஒரு கிளை, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தலைவர். ஊருக்கு அது வசதி இல்லை. மரத்தை எப்படிப் பிரிக்கிறோம் என்பதிலேயே யார் கண்ணில் படுவார்கள், யார் படமாட்டார்கள் என்பது பாதி முடிவாகிவிடுகிறது.

இந்த அமீர்பேட்டையிலேயே 2019 செப்டம்பரில் ஒரு துயரம் நடந்தது. மழைக்காக மெட்ரோ நிலையத்தின் கீழே ஒதுங்கி நின்ற இளம்பெண் ஒருவர், மேலிருந்து பெயர்ந்து விழுந்த பூச்சுத் துண்டால் தலையில் அடிபட்டு இறந்தார். ரிப்போர்ட் எழுதிய விதத்தால் அது நடந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வருவது வேறு. நிலையம் திறந்து ரயில் ஓடத் தொடங்கிவிட்டால் மேல்தட்டுக் கணக்கில் அது முடிந்த கதை. பூச்சு பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது கடைசித் தட்டு வேலை, இலையிலும் இலை. சதவீதத்தில் அதன் எடை கண்ணுக்குத் தெரியாத தசமம். ஆனால் கீழே நிற்பவர் தலைமேல் விழுவது சதவீதம் அல்ல, பூச்சு.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2003-இல் கொலம்பியா விண்கலம் கிளம்பும்போது வெளித்தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக்கட்டி இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே பொறியாளர்கள் நாசா அதிகாரிகளுக்குக் காட்டிய ஒரு கம்ப்யூட்டர் ஸ்லைடை, பின்னால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் எடுத்துக் காட்டியது. தலைப்பு நம்பிக்கை தரும் தலைப்பு. அதன் கீழே ஆறு தட்டுகளாகப் புள்ளி வைத்த வரிகள். மோதிய கட்டி, அதுவரை சோதித்துப் பார்த்த கட்டியைவிட 640 மடங்கு பெரியது என்ற உண்மை கடைசித் தட்டில், பக்கத்தின் அடியில் கிடந்தது. அதுவும் இரண்டு கன அளவுகளாக. வகுத்துப் பார்த்தால்தான் 640 தெரியும். பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் திரும்பி வரவில்லை. அந்த ஸ்லைடில் உண்மை மறைக்கப்படவில்லை என்பதுதான் நெஞ்சை உறுத்துவது. தட்டுகள் இருந்தன, எல்லாம் காட்டவும் பட்டன. ஆனால் முக்கியமானது தாழ்ந்த படியில் வைக்கப்பட்டிருந்தது, படிப்பவர்கள் மேல்படியோடு நின்றுவிட்டார்கள்.

ஆக, மரத்தைக் காட்டாமல் இருந்தாலும் ஆபத்து, முழுவதும் கொட்டினாலும் ஆபத்து. பின் என்னதான் செய்வது?

திட்ட அலுவலகங்களில் அனுபவஸ்தர்கள் கடைப்பிடிக்கும் வழி எளிமையானது. நன்றாகப் போகும் கிளைகளை மேல் தட்டிலேயே மடக்கிவிட வேண்டும். ஒரு வரி போதும். கெட்டுப்போன கிளையை மட்டும் வேர் முதல் இலை வரை விரித்துக் காட்ட வேண்டும். 400 வரிகளில் 12 வரிகள்தான் சிவப்பு என்றால், அந்த 12-ஐயும் அவற்றின் தாய், பாட்டி பெயர்களோடு காட்டினால் அமைச்சருக்கும் ஒரே பக்கம்தான். 'மெட்ரோ, மூன்றாவது வழித்தடம், பழைய நகரம், நில எடுப்பு: தொடங்கவில்லை.' இதைப் படிக்க ஐந்து விநாடி ஆகாது. படித்தபின் 93 என்று மட்டும் மைக்கில் சொல்லவும் மனம் வராது.

இரண்டாவது, சதவீதத்தின் பக்கத்தில் எடையைச் சொல்ல வேண்டும்: நாளா, பணமா, கிலோமீட்டரா? மூன்றாவது, தாய்ப்பணியின் எண்ணோடு அதன் மிக மோசமான பிள்ளையின் எண்ணையும் சேர்த்துப் போட வேண்டும். '93, இதில் மிகக் குறைந்தது 0.' வகுப்பின் சராசரி மார்க்கைச் சொல்லும் வாத்தியார் ஃபெயிலானவனின் பெயரையும் சொல்வதில்லையா, அதுபோல.

மத்தியப் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம் 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்தியத் திட்டங்களைப் பற்றி வரிசையாக அறிக்கை வெளியிட்டு வந்திருக்கிறது. பல நூறு திட்டங்கள், எந்த அரசும் எளிதில் வெளியிடாத விவரங்கள், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அட்டவணைகளில் ஒரு திட்டத்துக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான். பழைய செலவு, புதிய செலவு, பழைய தேதி, புதிய தேதி. தாமதத்துக்குக் காரணங்கள் நில எடுப்பு, வனத்துறை அனுமதி என்று பொதுவாகத் தொகுத்துச் சொல்லப்படும். எந்தத் திட்டத்தின் எந்தக் கிளையில் எந்த நிலம் என்று அறிய விரும்பும் குடிமகன் அந்த வரிக்குக் கீழே இறங்க வழியில்லை. கிளைகள் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. வெளியே வருவது உச்சி மட்டும்.

பத்திரிகைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 'இத்தனை சதவீதம் முடிந்தது' என்று யாராவது சொன்னால், 'முடியாத மிச்சம் எந்தத் தெருவில் இருக்கிறது?' என்று கேட்கலாம். ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, சொன்னவர் மரத்தில் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

2025 செப்டம்பரில் மெட்ரோவின் முதல் கட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளப்போவதாகத் தெலங்கானா அரசு அறிவித்தது. ரயில்களும் நிலையங்களும் கடனும் கைமாறும்போது இந்த வேலை மரமும் கைமாறும். புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் அந்த மரத்தை எந்தத் தட்டிலிருந்து படிக்கத் தொடங்குவார்கள் என்பதில் ஃபலக்னுமாக்காரர்களுக்கு நிச்சயம் அக்கறை இருக்கும்.